விளையாட்டுக் கணினிக்கு உறுப்புத் தெரிதல்

தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் கணினிப் பொறியின் உறுப்புக்களைக் குறித்து எழுதப்புகுவது, தன் கழனியை விட்டுப் பிறன் கழனியில் ஏர் பூட்டுவது போலும் என அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். சென்ற 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், சேலையூரில் வாழும் என் சிறிய தந்தையார் இரண்டு லட்சம் ரூபாயைத் தம் மகனுக்கென எடுத்து வைத்து, "உன் அண்ணனையும் உடன் அழைத்துக்கொண்டு போ" என்று அவனிடம் சொல்லிவிட்டமையால், இப்பொருளை யான் கற்றே தீரவேண்டியதாயிற்று. அவர் ரயில்வேயில் மின்பணி புரிபவர். அத்தொகை பல்லாண்டு கட்டிவந்த சீட்டுப்பணம். தம்பியோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, அனிமேஷன் பயிலச் சேரவிருந்தான். பகலில் முப்பரிமாண உருவங்கள் அமைத்தற்கும் இரவில் விளையாடுதற்கும் ஒருங்கே பயன்படுங் கணினி வேண்டுமென்பது அவன் வேண்டுகோள். பகலா, இரவா, எது அவனுக்கு முதன்மை என்பதை யான் துருவி ஆராயவில்லை.

அவன் முன்னரே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். அதனைக் கண்டபொழுது, தலை பெருத்து உடல் மெலிந்த ஓர் உருவம் என் மனக்கண்முன் தோன்றிற்று. 16 கருக்களையுடைய மிக உயர்ந்த ப்ராசஸர், அதனைக் குளிர்விக்க நீர்க்குழாய் பூட்டிய கருவி, கண்ணாடிப் பெட்டி, அதனுள் வண்ண விளக்கெரியும் பத்து மின்விசிறிகள். இவற்றிற்கே பெரும்பணம் கரைந்துபோக, எஞ்சியதைக்கொண்டு 8 ஜி.பி. நினைவகமுள்ள ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டும், பெயர் தெரியாத ஒரு மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எழுதியிருந்தான். மானிட்டரோ வீட்டிற் கிடந்த பழையது. லூக்கா சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில், கோபுரங் கட்டப்புகுந்து முடிக்கமாட்டாது நின்றவனைப்பற்றிய உவமை ஒன்றுண்டு. இவன் கோபுரத்தை முடித்துவிடுவான். ஆனால் அடித்தளத்துக்குச் செங்கல் வாங்கமாட்டான் என்று எனக்குத் தோன்றிற்று.

மேற்செல்லுமுன் சொற்களைப்பற்றி ஒரு சொல். நம் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்து, பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் இக்கட்டுரையைக் காண நேர்ந்தால், 'மதர்போர்டு', 'ப்ராசஸர்' என்னுஞ் சொற்களைக் கண்டு முகஞ்சுளிப்பார் என்பதில் ஐயமில்லை. யானும் முதலில் தாய்ப்பலகை, செயலி என்றே எழுதினேன். ஆயின் கடைத்தெருவில் நின்று தாய்ப்பலகை ஒன்று வேண்டுமென்று கேட்பவன் மரக்கடைக்கே வழிகாட்டப்படுவான். ஆதலின் வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் பொதுவாய் வழங்குஞ் சொற்களையே ஈண்டு ஆண்டுள்ளேன். அடிகள் பொறுத்தருள்வாராக.

இனிப் பொருளுக்கு வருவோம். கணினி விளையாட்டு என்பது யாது? நொடிதோறும் பல படங்களைப் புதிது புதிதாக வரைந்து திரையிற் காட்டுதலே அது. ஆடுவோன் விசையை அழுத்தியவுடன், யார் எங்கே நிற்கின்றனர், குண்டு எத்திசையிற் பாய்கின்றது, சுவர் இடிந்ததா இல்லையா என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுச் சொல்வது ப்ராசஸர். அக்கணக்கைக் கொண்டு ஒளியும் நிழலும் வண்ணமுமாகப் படத்தைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. தீட்டியதைக் கண்ணுக்குக் காட்டுவது மானிட்டர். இம்மூன்றனுள் எது மிக மெதுவானதோ அதன் விரைவே முழுக் கணினியின் விரைவாகும். விடுதி உணவுக்கூடத்தில் மாவரைப்போர் எத்துணை விரைந்து அரைத்தாலும், தோசைக்கல் ஒன்றேயாயின் வரிசை நகராது. தம்பியின் பட்டியலில் நான்கு மாவரைக்கும் பொறிகளும், ஒரு சிறு தோசைக்கல்லும் இருந்தன.

ஆகலின் உறுப்புத் தெரிதலைத் தலையிலிருந்து தொடங்காது, காலிலிருந்து, அஃதாவது மானிட்டரிலிருந்து தொடங்குதல் வேண்டும். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் ஒளிப்புள்ளிகள் உள. 2560-க்கு 1440 என்னும் அளவில் அவை 36.9 லட்சமாகின்றன. 4கே என வழங்கும் 3840-க்கு 2160 அளவில் 82.9 லட்சம், முதலிற் சொல்லியதற்குச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு படத்திலும் இத்தனை புள்ளிகளையும் வண்ணந்தீட்டவேண்டியது கிராபிக்ஸ் கார்டின் கடமை. அன்றியும், நொடிக்கு 60 முறை புதுப்பிக்குந் திரைக்கு ஒரு படத்தை 16.7 மில்லிநொடியிற் கொடுத்தாற் போதும். 165 முறை புதுப்பிக்குந் திரைக்கோ 6 மில்லிநொடியிற் கொடுத்தல் வேண்டும். தம்பி வீட்டிலிருந்த பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் உடையது. இரண்டு லட்சத்திற் பொறியமைத்து அதனோடு பூட்டியிருப்பின், நொடிக்கு 200 படங்கள் வரையப்பட்டாலும் அவன் கண்ணுக்கு எட்டுவன 60 மட்டுமே. எனவே 27 அங்குல, 1440 வரிசைகளையுடைய, 165 ஹெர்ட்ஸ் திரை ஒன்றை முதற்கண் முடிவுசெய்தோம். 4கே திரை வேண்டுமென அவன் மன்றாடினான். ஒரு கை அகலத் தொலைவில் அமர்ந்து காண்போனுக்கு 27 அங்குலத்தில் அத்துணை நுட்பம் மிகை என்பதே என் எண்ணம். அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டுக்கு நம்மிடம் பணமும் இல்லை.

திரை முடிந்தபின் கிராபிக்ஸ் கார்டு தானே வந்து நின்றது. இவ்வகைக் கணினியில் மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இவ்வோருறுப்புக்கே செல்வது முறை. பாதிவரை சென்றாலும் குற்றமில்லை. இதன்கண் நோக்கவேண்டியவை இரண்டு: தீட்டும் ஆற்றல், தன்னகத்துள்ள நினைவகம். பின்னதைப் புறக்கணிப்போர் பலர். படத்தின் மேற்பரப்புக்கு வேண்டிய ஓவியங்களெல்லாம் கார்டின் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அவ்விடம் நிரம்பி வழியுமாயின், கணினியின் பொது நினைவகத்துக்குச் சென்று சென்று எடுத்துவர நேரும். அப்பொழுது ஓட்டம் தடைபட்டுப் படம் விக்கி விக்கி நகரும். அண்மைக்காலத்துப் பெரிய விளையாட்டுக்கள் சிலவற்றிற்கு 1440 அளவில் 8 ஜி.பி. போதாது. ஆதலின் 16 ஜி.பி. என்று வரையறுத்துக்கொண்டோம்.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வளவுடையனவாய்ச் சந்தைக்கு வந்த கார்டுகளுள் இரண்டனை நோக்கினோம். ஒன்று என்விடியா நிறுவனத்தாரின் ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ.; மற்றொன்று ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.டி. இரண்டும் 300 வாட் அளவில் மின்சாரம் உண்பன. விளையாட்டு ஒன்றே கருத்தாயின் பின்னதை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். தம்பி பயிலவிருந்த பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளோ என்விடியா கார்டுகளில் விரைந்து இயங்குவது. அதுபற்றியே கூடுதல் விலைகொடுத்து முன்னதைத் தெரிந்தோம். இவையிரண்டற்கும் மேலாக 32 ஜி.பி. நினைவகமும் 575 வாட் பசியும் உடைய ஆர்.டி.எக்ஸ். 5090 என்பதும் உளது. அதன் விலை ஒன்றே நம் இரண்டு லட்சத்தைக் கடந்து நின்றமையால், கடைச் சாளரத்தில் கண்டு வணங்கிவிட்டு வந்தோம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கார்டுகளின் பெட்டிமேல் நொடிக்கு இத்தனை பிரேம் எனப் பேரெண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுட் பல, உண்மையாக வரைந்த ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே கார்டு தானே ஊகித்துச் செருகிய படங்களையும் கூட்டிச் சொல்வன. 5070 டி.ஐ. போன்றவை 2025-இல் ஓர் உண்மைப் படத்துக்கு மூன்று ஊகப்படங்கள்வரை செருகவல்லனவாயிருந்தன. காட்சி வழுவழுப்பாகத் தோன்றுவது மெய்யே. ஆயினும் விசையை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையேயுள்ள காலம் அதனாற் குறைவதில்லை. உண்மைப் பிரேம் எத்தனை என்று கேட்டு ஒப்பிடுக.

ப்ராசஸரைப் பொறுத்தமட்டில் கருக்களின் எண்ணிக்கையிலேயே பலர் மயங்குகின்றனர். விளையாட்டுக்கு எட்டுக் கருக்கள் சாலும். அதற்குமேல் வேண்டுவது கைக்கெட்டும் நினைவகமே. மில்லர் நினைவு நூலகத்தில் ஓர் அகராதி இருக்கின்றது. சேலையூர் ஹாலில் என் மேசைமேலும் ஓர் அகராதி இருக்கின்றது. ஐயந்தோன்றுந்தோறும் நூலகத்துக்கு நடப்பவன் ஒரு நாளிற் பத்துச் சொற்களுக்குப் பொருள் காண்பான். மேசையில் உள்ளதைப் புரட்டுபவன் நூறு காண்பான். ப்ராசஸரின் உள்ளேயே அமைந்த கேஷ் என்னுஞ் சிறு நினைவகம் அம்மேசை அகராதி போன்றது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 7 7800 எக்ஸ்3டி என்னும் ப்ராசஸரில், இயல்பான 32 எம்.பி. கேஷின்மேல் மற்றொரு சில்லை மாடிபோல அடுக்கி, மேலும் 64 எம்.பி. சேர்த்து 96 எம்.பி. ஆக்கியுள்ளனர். அதன் பயனாக, எட்டே கருக்கள் உடையதாயினும், விளையாட்டில் அது தன்னினும் விலைமிக்க பலவற்றை விஞ்சுகின்றது. 2024 நவம்பரில் வந்த 9800 எக்ஸ்3டி அதனினும் விரைவானதே. 1440 அளவுத் திரையில் அவ்வேறுபாடு கிராபிக்ஸ் கார்டின் எல்லைக்குள் பெரும்பாலும் அடங்கிப்போதலின், முந்தியதையே கொண்டோம்.

இன்டெல் நிறுவனத்தாரின் ப்ராசஸர்கள் தாழ்ந்தன என்பது என் கருத்தன்று. அவற்றின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகைகளில் மின்னழுத்தக் கோளாறு உளதென்பது 2024-இல் வெளிப்பட்டு, அந்நிறுவனத்தாரே உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டினர். யாம் தெரிந்த 7800 எக்ஸ்3டியும் பழியற்றதன்று. 2023-இல் அதன் உட்பகுதிக்கு மிகுமின்னழுத்தங் கொடுத்த சில மதர்போர்டுகளில் அது கருகிற்று, பின்னர் 1.3 வோல்ட் என எல்லை வகுத்துப் புதிய பயாஸ் வெளியிடப்பட்டது. எதனை வாங்கினும் பயாஸைப் புதுப்பித்த பின்னரே ஆடத்தொடங்குதல் நன்று.

இனி மதர்போர்டு. இலக்கண மாணவனுக்கு இவ்வுறுப்பு எளிதில் விளங்குவது. யாதெனின், இது முழுதும் புணர்ச்சி இலக்கணமே. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் பொருந்தினாலன்றிச் சொற்கள் புணரா. அங்ஙனமே ப்ராசஸரின் அடியும் மதர்போர்டின் சாக்கெட்டும் பொருந்துதல் வேண்டும். மேற்சொன்ன ப்ராசஸர் ஏ.எம்.5 என்னும் 1,718 தொடுமுனைகளையுடைய சாக்கெட்டில் மட்டுமே அமரும், அச்சாக்கெட்டோ டி.டி.ஆர்.5 நினைவகத்தையன்றிப் பிறிதொன்றை ஏலாது. இவற்றை அறியாது பழைய கணினியின் ராமை எடுத்துச் செருக முயன்று காடி உடைந்தோர் உளர். சாக்கெட்டின் வருங்காலத்தையும் எண்ணுதல் தகும். ஏ.எம்.டி.யின் முந்திய ஏ.எம்.4 சாக்கெட்டு 2016-இல் தோன்றி, 2024-இலும் புதிய ப்ராசஸரைப் பெற்றது. அத்தகைய நீண்ட ஆயுள் ஏ.எம்.5-க்கும் வாய்க்குமாயின், தம்பி நான்காண்டு கழித்துப் பலகையை மாற்றாமலே ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பி650 வகைப் பலகை அவனுக்குப் போதுமானதாயிற்று. அதனினும் உயர்ந்த வகைகள் கூடுதற் செருகிடங்களுக்காக விலை மிகுவன. அவன் அவற்றிற் செருகுதற்கு யாதும் இல்லை.

ராம் 32 ஜி.பி. அதனை ஒரே துண்டாக வாங்காது 16 வீதம் இரு துண்டாக வாங்குதல் வேண்டும். இருவழியாகச் செய்தி செல்லுமாதலின் விரைவு மிகும். நான்கு துண்டு பூட்டின் விரைவு குறையும். 6000 என விரைவு குறித்த ராமும், பயாஸில் எக்ஸ்போ என்னும் அமைப்பைத் திறந்தாலன்றித் தன் முழு விரைவில் ஓடாது. பணங்கொடுத்து வாங்கிய விரைவைப் பெட்டிக்குள் உறங்கவிட்டோர் பலர். 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுக்களை வாரிக்கொண்டமையால் ராமின் விலை இரு மடங்கிற்கு மேல் ஏறிற்று. யாம் மே மாதத்திலேயே வாங்கியது எம் அறிவின் திறமன்று, காலத்தின் அருள். சேமிப்புக்கு என்.வி.எம்.ஈ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று கொண்டோம். நொடிக்கு 7,000 எம்.பி. படிக்கும் வகைக்கும் அதனிற் பாதி விரைவுடையதற்கும் விளையாட்டில் வேறுபாடு காண்டல் அரிது. கீபோர்டு, மவுஸ் என்பன அவரவர் கைக்கு ஏற்றனவாயின் போதும்.

இவ்விடத்திற்றான் சிறிய தந்தையார் குறுக்கிட்டார். அதுகாறும் யாங்கள் பேசியவை அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதாக அவர் காட்டிக்கொள்ளவுமில்லை. எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெயர் காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது மொத்தம் எத்தனை வாட் இழுக்கும்?" என்று வினவினார். கார்டுக்கு 300, ப்ராசஸருக்கு 120, மற்றவைக்கு 80 எனக் கூட்டி 500 என்றேன். "230 வோல்ட்டில் இரண்டேகால் ஆம்பியர். கம்பி தாங்கும். ஆனால் அந்த மலிவான பெட்டியை நம்பி இதையெல்லாம் ஏன் தம்பி மாட்டுகிறீர்கள்?" என்றார். தம்பியின் பட்டியலை அவர் அறியார். எனினும் அதன் நோயை ஒரே வினாவிற் கண்டுவிட்டார்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட் நேர்மின்னாக மாற்றி, எல்லா உறுப்புக்களுக்கும் பகிர்ந்தளிப்பது. உடலுக்குக் குடல் எவ்வாறோ கணினிக்கு அஃது அவ்வாறு. யான் முதலாண்டில் இருந்தபொழுது, பக்கத்து அறை நண்பன் ஒருவனது கணினியில் பெயர் தெரியாத ஒரு மலிவு எஸ்.எம்.பி.எஸ். பூட்டப்பட்டிருந்தது. ஒரு மாலை மின்சாரம் போய் மீண்ட பொழுதில் அது புகைந்தது. தான் மட்டும் போகாமல், மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் உடன்கொண்டு போயிற்று. அவன் ஈராண்டு எழுதிச் சேர்த்த குறிப்புக்கள் அத்தட்டில் இருந்தன. தேர்வுக்குப் பத்து நாளே எஞ்சியிருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம்பிடித்த இரண்டாயிரம் ரூபாயை அவன் இன்றளவும் நினைவுகூர்கின்றான்.

கார்டு செய்தோர் இவ்வமைப்புக்கு 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கின்றனர். 500 போதாதோ எனின், போதாது. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைப்பொழுதிலும் குறுகிய நேரத்துக்குத் தன் அளவைக் கடந்து மின்சாரத்தை இழுத்துத் திரும்புவது. அவ்வீர்ப்பைத் தாங்கமாட்டாத எஸ்.எம்.பி.எஸ். கணினியை அணைத்துவிடும். ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதிப்படி அமைந்தவை அதனைத் தாங்குவன. 80 ப்ளஸ் கோல்டு என்னும் முத்திரை பெற்றவை, பாதிச் சுமையில் வாங்கிய மின்சாரத்தில் ஏறத்தாழ 90 பங்கை வீணாக்காது கொடுப்பன. யாம் 850 வாட் கோல்டு ஒன்றை வாங்கினோம். கார்டுக்குச் செல்லும் 12 முள்ளும் 4 சிறுமுள்ளும் உடைய புதுவகை இணைப்பியை முற்றிலும் உள்ளே செருகாமையால் அது உருகிய செய்திகள் 2022 முதல் உலகெங்கும் வந்தன. 'டக்' என்று அமரும்வரை அழுத்தி, இடைவெளி தெரிகின்றதா என்று விளக்கொளியிற் பார்த்து, கம்பியை இணைப்பியின் அருகிலேயே வளைக்காது விடுதல் வேண்டும்.

சிறிய தந்தையார் அத்தோடு நின்றாரில்லை. சோதனை விளக்கைக் கொணர்ந்து, கணினி வைக்கவிருந்த அறையின் சுவரிலுள்ள மூன்றாந்துளையை ஆராய்ந்தார். விளக்கு எரியவில்லை, எர்த் இல்லை. அவ்வீடு பழையது. பழங்கணினியின் பெட்டியைத் தொட்டால் கை 'சுரீர்' என்றதை யாங்கள் அனைவரும் அறிவோம். இரும்பின் இயல்பு என்றே எண்ணியிருந்தோம். காரணம் பின்னர் விளங்கிற்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில், இரைச்சலை வடித்தற்பொருட்டு இரு மின்கம்பிகளினின்றும் பெட்டியின் உடலுக்குச் சிறு கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றின் வழியே கசியும் மின்சாரம் எர்த் கம்பி உளதாயின் மண்ணுக்குச் செல்லும். இல்லையேல் பெட்டியின் உடல் 230-இற் பாதியளவு மின்னழுத்தத்தில் மிதந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிதாதலின் ஆளைக் கொல்வதன்று. ஆயினும் உட்கோளாறு நேர்ந்தால் காப்பாற்ற வேண்டிய வழி அடைபட்டுக் கிடக்கின்றது என்பதன் அறிவிப்பு அதுவே. ஆகவே பட்டியலில் ஒருவரும் எழுதாத உறுப்பொன்று புதிதாகச் சேர்ந்தது: தோட்டத்தில் எர்த் குழியும் அங்கிருந்து அறைக்கு ஒரு கம்பியும். மூவாயிரம் ரூபாயாயிற்று. வண்ண மின்விசிறிகளின் தொகையிலிருந்து அதனைக் கழித்தோம்.

யூ.பி.எஸ். வாங்குவோர்க்கும் ஒரு சொல். கடையிற் பெரிதும் விற்கும் 600 வி.ஏ. பெட்டி ஏறத்தாழ 360 வாட்டையே தாங்கும். அதனை 500 வாட் கணினிக்கு மாட்டினால், மின்சாரம் நின்ற அக்கணமே அதுவும் நிற்கும்.

நம் ஊர்க்கு உரிய மற்றொரு பொருள் வெப்பம். அயல்நாட்டார் எழுதும் ஆராய்ச்சிகளில் அறையின் வெப்பநிலை 21 அல்லது 22 பாகை எனக் கொள்வர். கத்திரி வெயிலில் தாம்பரத்து மாடியறை பிற்பகலில் 36 பாகையைக் கடக்கும். குளிர்விக்கும் பொறி எத்துணைச் சிறந்ததாயினும், அறைக்காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு உறுப்பைக் கொணர மாட்டாது. அயல்நாட்டில் 70 பாகையில் நிற்கும் ப்ராசஸர் ஈண்டு 85-ஐ எட்டும். 7800 எக்ஸ்3டியின் எல்லை 89. எல்லையைத் தொட்டவுடன் அது தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். இஃதன்றி, 500 வாட் முழுவதும் ஈற்றில் வெப்பமாகி அறைக்குள்ளேயே பரவுகின்றது என்பதையும் மறத்தலாகாது. எனவே கண்ணாடி முகப்புடைய கேபினட்டை விலக்கி, முகப்பு முழுதும் வலையாய், தூசி வடிகட்டியை எளிதிற் கழற்றி அலம்பக்கூடியதாய் உள்ளதைத் தெரிந்தோம். முன்னே மூன்று விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளித்தள்ளும். ஜி.எஸ்.டி. சாலைக்கு அணித்தே வாழ்வோர் அவ்வடிகட்டியைத் திங்களுக்கு ஒருமுறையேனும் அலம்புதல் வேண்டும். நீர்க்குழாய்க் குளிர்ப்பியும் வேண்டாவென்றோம். இப்ராசஸருக்கு இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிர்ப்பி போதும். அதிற் பழுதாவதற்கு உரியது விசிறி ஒன்றே. கேபினட்டைத் தரையில் வையாது மேசைமேல் வைக்கச் சொன்னேன். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீட்டினுள் நீர் புகுந்ததைக் கண்டவர்க்கு இதன் காரணம் கூறவேண்டா.

வாங்குமிடம் ரிச்சி தெரு. தாம்பரத்தில் மின்ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, மெட்ரோ ரயிலில் அரசினர் தோட்டம் நிலையத்தை அடைந்தால், அண்ணாசாலையை ஒட்டியே அத்தெருவுக்கு நடந்து செல்லலாம். ஒரு கடையில் விலைகேட்டு அங்கேயே வாங்குவோன் அத்தெருவின் இயல்பறியாதவன். நான்கு கடையிலேனும் எழுதி வாங்கி, இணையக் கடைகளின் விலையோடு ஒப்பிட்டு, பின்னர் மிக நயமாகச் சொன்னவரிடம் மீளுதல் வேண்டும். 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்று ஓர் இளைஞர் கூறினார். 18 விழுக்காடு வரி குறையுமென்பது உண்மை; ஆனால் உறுப்பின் வரிசை எண் எழுதிய பில் இல்லையேல் மூன்றாண்டு உத்தரவாதமும் உடன்குறையும். வெளிநாட்டிலிருந்து பையில் வந்த பொருளுக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடையாமையும் நேரும். பயன்படுத்திய கார்டுகளையும் காட்டினர். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் நாணயத்தின் சுரங்கவேலை நின்றபின், இரவுபகல் ஓய்வின்றி உழைத்த கார்டுகள் சந்தையிற் குவிந்தன. அவற்றின் முன்வரலாற்றை முகத்திற் காண இயலாது. புதியதையே வாங்கினோம். மாலையில் எட்டுப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மின்ரயிலில் நின்றபடி வந்த தம்பி, பல்லாவரம் தாண்டும்வரை ஒருவரையும் கார்டுப் பெட்டியின் பக்கம் அண்டவிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆலயத்திலிருந்து திரும்பியபின் உறுப்புக்களைப் பூட்டினோம். ராம் துண்டுகள் இரண்டாம், நான்காம் காடிகளில் அமர்ந்தன. மானிட்டர்க் கம்பியை மதர்போர்டில் மாட்டாது கிராபிக்ஸ் கார்டிலேயே மாட்டினோம். மதர்போர்டில் மாட்டிவிட்டு, எண்பதாயிரம் ரூபாய்க் கார்டு வேலை செய்யவில்லையே எனக் கலங்குவோர் உலகெங்கும் உளர். எல்லாம் முடிந்து, தம்பி விசையை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. திரை இருண்டே நின்றது.

ஒரு நிமிடம் சென்றது. சிற்றன்னை அடுக்களை வாயிலில் வந்து நின்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். யான் மதர்போர்டில் எரிந்த ஒரு சிறு மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். டி.டி.ஆர்.5 நினைவகத்தை முதன்முறை கண்ட ஏ.எம்.5 பலகை, அதனோடு தன் காலக்கணக்கைப் பொருத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதையும், அவ்வமயம் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துதல் தவறு என்பதையும் யான் முன்னரே படித்திருந்தேன். ஆயினும் இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டுப்பணம் கண்முன் இருண்டு நிற்கும்பொழுது, படித்தது முழுவதும் நெஞ்சில் நிற்பதில்லை. தம்பியின் கை விசையை நோக்கி இருமுறை சென்றது, இருமுறையும் தடுத்தேன். மூன்றாம் நிமிட முடிவில் திரையில் வெள்ளெழுத்துக்கள் தோன்றின. 32 ஜி.பி. என்றிருந்தது. சிறிய தந்தையார் எழுந்துவந்து, கேபினட்டின் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுரீர் என்னவில்லை. சோதனை விளக்கைப் பைக்குள் இட்டுக்கொண்டு, இரவுப் பணிக்குப் புறப்பட்டார்.